மரத்தடி மருத்துவம்

சேலம் நகரைச் சுற்றி நாற்புறமும் மலைகள் நிற்கின்றன. வடக்கே சேர்வராயன் மலையும் நகரமலையும், தெற்கே ஜருகுமலையும், மேற்கே கஞ்சமலையும், கிழக்கே கோதுமலையும் அரண்போல் அமைந்துள்ளன. இம்மலைகளுக்கு நடுவே விளங்கும் நகரில், ஃபேர்லேண்ட்ஸ் என்னும் பகுதியில் நான் வாழ்ந்து வருகிறேன். மருத்துவமனைகளும் கடைகளும் மாடி வீடுகளும் நெருங்கிய பகுதி அது. ஆயினும், மொட்டைமாடியில் ஏறி வடக்கே நோக்கினால், சேர்வராயன் மலை நீல நிறத்தில் நீண்டு கிடக்கும் காட்சியைக் காணலாம். காலையில் அம்மலையை ஒருமுறை கண்குளிரப் பார்த்த பின்னரே நான் பணிக்குப் புறப்படுவது வழக்கம்.

என் கையில் உள்ள பையைப் பார்ப்பவர் என் தொழில் இன்னதென்று எளிதில் அறிந்துகொள்ள மாட்டார். அதில் நீண்ட தாம்புக்கயிறு ஒன்று இருக்கும். சாக்கு இரண்டு, கொட்டாங்கச்சி நான்கு, புளியங்கொட்டை நிறைந்த சுருக்குப்பை ஒன்று, சிறு களைக்கொத்து, பூவாளி, முதலுதவிப் பெட்டி ஆகியவையும் இருக்கும். ஒருநாள் பேருந்தில் என் அருகே அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், “தோட்ட வேலைக்கா அம்மணி போகிறாய்?” என்று கேட்டார். “இல்லை, பாட்டி, குழந்தைகளுக்கு வைத்தியம் செய்யப் போகிறேன்” என்றேன். அவர் என்னையும் பையையும் மாறிமாறிப் பார்த்தார். “வைத்தியமா? மருந்து எங்கே?” என்றார். “இவைதாம் மருந்து” என்று பையைத் திறந்து காட்டினேன். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார். “இந்த மருந்தைத் தின்றுதானே நாங்களெல்லாம் வளர்ந்தோம்!” என்றார். நான் பல ஆண்டுகள் படித்து அறிந்ததை அவர் ஒரு தொடரில் சொல்லிவிட்டார்.

என் தொழிலுக்கு ஆங்கிலத்தில் ஆக்குபேஷனல் தெரபி என்று பெயர். தமிழில் செயல்முறை மருத்துவம் என்றும், தொழில்வழிச் சிகிச்சை என்றும் வழங்குவர். தொழில் என்றவுடன், கூலி பெற்றுச் செய்யும் வேலை ஒன்றே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆதலால், “எட்டு வயதுப் பிள்ளைக்குத் தொழில் எதற்கு?” என்று பெற்றோர் என்னிடம் வியப்புடன் கேட்பதுண்டு.

மாணவர்களே! உங்கள் இலக்கண வகுப்பைச் சற்று நினைவுகூருங்கள். உண்ணல், உடுத்தல், நடத்தல், எழுதுதல், ஆடல் ஆகியவற்றைத் தொழிற்பெயர் என்று உங்கள் ஆசிரியர் கற்பிக்கின்றார் அல்லரோ? அங்கே தொழில் என்பதற்குச் செயல் என்பதே பொருள். அத்தொழிற்பெயர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். விழித்தல், பல் துலக்கல், குளித்தல், உடுத்தல், உண்ணல், பள்ளிக்குச் செல்லல், எழுதல், ஆடல், உறங்கல் என்று அவ்வரிசை நீளும். அதுவே ஒரு குழந்தையின் ஒருநாள் வாழ்க்கை. இவற்றுள் ஏதேனும் ஒன்றைச் செய்ய இயலாமல் தவிக்கும் குழந்தைக்கு அதனைச் செய்யும் வழியைக் காட்டுவதே என் தொழில்.

இக்கலை தனித்துறையாக உருப்பெற்று நூறாண்டுகளுக்குச் சற்று மேலாகிறது. 1917-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இதற்கெனச் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. முதல் உலகப் போரில் காயமுற்றுத் திரும்பிய வீரர்கள், மரவேலை, நெசவு, கூடை முடைதல் முதலிய கைவினைகளில் ஈடுபட்டு உடலும் உள்ளமும் தேறினர். நம் நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் கமலா நிம்ப்கர் அம்மையார். அமெரிக்காவில் பிறந்து, இந்தியர் ஒருவரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர் அவர். 1950-ஆம் ஆண்டில் மும்பையிலுள்ள கே.ஈ.எம். மருத்துவமனையில் இக்கலையைக் கற்பிக்கும் பள்ளியை அவர் தொடங்கினார். அன்று ஊன்றிய வித்தின் கிளைகளுள் ஒன்றின் நிழலில்தான் நானும் நிற்கிறேன்.

தொடக்கத்தில் நான் அறைக்குள்ளேயே பணிசெய்து வந்தேன். ஃபேர்லேண்ட்ஸில் ஒரு வீட்டின் கீழ்த்தளமே என் பயிற்சிக் கூடம். தரையில் மெத்தை விரிப்பு. மூலையில் பெரிய ரப்பர்ப் பந்து. கூரையிலிருந்து தொங்கும் ஊஞ்சல். மேசைமேல் வண்ணக் கட்டைகள். சட்டைப் பொத்தான் போடப் பழகுவதற்கெனத் துணி தைத்த பலகை ஒன்றும் இருந்தது. எல்லாம் ஒழுங்காக அமைந்திருந்தன. அவ்வொழுங்கைக் கண்டு நான் பெருமை கொண்டிருந்தேன்.

அந்நாளில் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தாய் தம் எட்டு வயது மகனை அழைத்து வந்தார். சிறுவனின் தந்தை வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர். கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிறு வளையங்களைக் கோத்துப் பற்றவைக்கும் கைத்திறம் படைத்தவர். அவர் மகனுக்கோ தன் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியவில்லை. உண்ணும்போது பாதிச் சோறு தரையில் சிந்தியது. செருப்பை இடம்வலம் மாற்றி அணிந்தான். சமதரையிலும் தடுக்கி விழுந்தான். எழுதும்போது பென்சிலை அழுத்தி முறித்தான்; எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழுமாக அலைந்தன.

அவன் அறிவில் குறைந்தவன் அல்லன். தந்தையின் வாரக் கூலியை மனக்கணக்காகவே கூட்டிச் சொல்லுவான். ஆயினும், வகுப்பில் அவனுக்குக் கிடைத்த பெயர் ‘சோம்பேறி’ என்பதே. விளையாட்டிலோ அதனினும் கொடிய பெயர் கிடைத்தது. கட்சி பிரிக்கும்போது இருபுறத்தாரும் அவனை வேண்டாம் என்றனர். யாரேனும் பெரியவர் அதட்டினால், “சரி, ஒப்புக்குச் சப்பாணியாக நிற்கட்டும்” என்று ஓர் ஓரத்தில் நிறுத்தினர். ஒப்புக்குச் சப்பாணி ஆட்டத்தில் இருப்பான். ஆனால், ஆட்டம் அவனுக்கு இல்லை. அவன் தாய் இதைச் சொல்லும்போது அழவில்லை. “டீச்சர், இவன் நன்றாகப் படிக்க வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. இவனையும் ஓர் ஆளாக அவர்கள் சேர்த்துக்கொண்டால் போதும்” என்றார். அச்சொல் என் நெஞ்சில் தைத்தது.

அச்சிறுவனுக்கு இருந்தது உடலியக்க ஒருங்கிணைப்புக் குறைபாடு. பள்ளி செல்லும் பிள்ளைகள் நூற்றுவருள் ஐந்தாறு பேருக்கு இக்குறைபாடு இருக்கிறது என்பர். கைகால்களில் வலிமை இருக்கும், அறிவும் இருக்கும். ஆயினும், நினைத்த செயலை நினைத்தவாறு கைகள் செய்து முடிக்க மாட்டா. புறத்தே ஒரு குறையும் தெரியாமையால், பிறர் இதனைச் சோம்பல் என்றும் பிடிவாதம் என்றும் தவறாகக் கருதிவிடுகின்றனர்.

மூன்று மாதம் அறைக்குள் பயிற்சி அளித்தேன். பலகையில் தைத்த பொத்தான்களை அவன் ஒருவாறு போடக் கற்றுக்கொண்டான். நான் மகிழ்ந்தேன். ஆனால், “வீட்டில் இன்னும் நான்தான் சட்டையை மாட்டிவிடுகிறேன், டீச்சர்” என்று அவன் தாய் தயங்கித் தயங்கிச் சொன்னார். பலகைப் பொத்தான் அசையாமல் கண்முன் கிடப்பது. சட்டைப் பொத்தானோ மோவாய்க்குக் கீழே நழுவிக்கொண்டிருப்பது. ஒன்றில் பெற்ற பழக்கம் மற்றொன்றுக்கு எளிதில் செல்லாது. நீந்தக் கற்பவன் நீரில்தான் கற்க வேண்டும். இவ்வுண்மையை நான் நூலில் படித்திருந்தேன். என் பணியில் அதனை மறந்திருந்தேன்.

ஆனி மாதத்தில் ஒருநாள். பயிற்சி நடந்துகொண்டிருக்கையில் மின்சாரம் நின்றுவிட்டது. கீழ்த்தளம் இருண்டு புழுங்கியது. வேறு வழியின்றிச் சிறுவனை வீட்டு முன்றிலில் நின்ற வேப்பமரத்தடிக்கு அழைத்து வந்தேன். தரையெங்கும் மஞ்சள் நிறத்தில் வேப்பம்பழங்கள் உதிர்ந்து கிடந்தன. அவன் குந்தி அமர்ந்தான். ஒரு பழத்தை எடுத்து இரு விரலுக்கிடையே வைத்துப் பிதுக்கினான். வழவழப்பான கொட்டை துள்ளிப் பாய்ந்து என் காலில் விழுந்தது. அவன் கலகலவெனச் சிரித்தான். அதுவரை அவன் சிரித்து நான் கண்டதில்லை.

அடுத்த பழம், அதற்கடுத்த பழம். கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கட்டைவிரலும் சுட்டுவிரலும் கூடிச் சிறு பொருளைப் பற்றும் பயிற்சியைத்தான் நான் அவனுக்கு அறைக்குள் அளித்து வந்தேன். அங்கே ஐந்து நிமிடம் அமர மாட்டாதவன், இங்கே மின்சாரம் திரும்பிய பின்னரும் எழ மறுத்தான். நான் கொடுத்த பயிற்சியை மரம் என்னினும் நன்றாகக் கொடுத்துவிட்டது. அன்று மாலையே என் எண்ணம் மாறியது.

கண், காது, மூக்கு, நாக்கு, மெய் என ஐம்பொறிகளை நாம் கற்றிருக்கிறோம். இவ்வைந்தினும் வேறாக, நாம் அறியாமலே நமக்குத் தொண்டு செய்யும் புலன்களும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு சுட்டுவிரலால் உங்கள் மூக்கு நுனியைத் தொடுங்கள். கண் காணாதபோதும் கை வழி தவறாமல் வந்து சேர்கிறது. தசைகளிலும் மூட்டுகளிலும் உள்ள நரம்பு முனைகள், கை எங்கே இருக்கிறது, எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதை மூளைக்கு இடையறாது அறிவித்துக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம். உட்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை சுழலும்போது அவற்றினுள் இருக்கும் நீர்மம் அசைந்து, உடல் எப்பக்கம் திரும்புகிறது என்பதை உணர்த்துகிறது. நாம் விழாமல் நிற்பதற்கு இப்புலன் பெருந்துணை செய்கிறது.

தொடுவுணர்ச்சியும் இவ்விரு புலன்களும் மூளையில் ஒன்றுகூடி இயைந்தால்தான் குழந்தையின் செயல் செம்மையுறும் என்று ஆராய்ந்து கூறியவர் ஜீன் அயர்ஸ் அம்மையார். 1920-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் பிறந்த அவர், என் தொழிலையே தம் தொழிலாகக் கொண்டவர். 1972-ஆம் ஆண்டில் இக்கருத்தை விளக்கி நூல் ஒன்று வெளியிட்டார். இன்று உலகெங்கும் குழந்தைகளுக்கான பயிற்சிக் கூடங்களில் ஊஞ்சல் தொங்குவதற்கு அவருடைய ஆராய்ச்சியே பெரிதும் காரணம்.

அந்நூற்கருத்தை மனத்தில் கொண்டு நம் பழைய விளையாட்டுகளை நோக்கினால் வியப்பு மேலிடுகிறது. கைகளை விரித்துச் சுழலும் தட்டாமாலை, உட்செவியின் புலனைப் பழக்குகிறது. ஒற்றைக் காலால் தாவும் பாண்டியாட்டம் உடலை நிலைநிறுத்தக் கற்பிக்கிறது. பச்சைக்குதிரை தாண்டுவதும் கயிறு இழுப்பதும் தசைக்கும் மூட்டுக்கும் உரம் ஊட்டுகின்றன. பல்லாங்குழியில் ஒரு கை நிறையப் புளியங்கொட்டைகளை அள்ளி, குழிக்கு ஒன்றாக விரல்நுனி வழியே விடுகிறோம். உள்ளங்கையில் உள்ளதை விரல்நுனிக்குக் கொண்டுவரும் அந்நுண்செயலே, பென்சிலைப் பிடித்து எழுதுவதற்கும் பொத்தான் போடுவதற்கும் வேண்டப்படுவது. பேருந்தில் சிரித்த பாட்டி சொன்னதன் பொருள் இதுவே.

கன்னங்குறிச்சிப் பக்கத்தில், மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் உழவர் ஒருவர் எனக்கு அறிமுகமானவர். சனி, ஞாயிறு ஆகிய நாள்களில் காலைப்பொழுதில் அத்தோப்பைப் பயன்படுத்திக்கொள்ள அவர் இசைந்தார். மாமரங்களுக்கு நடுவே ஓர் ஆலமரமும், ஒரு கிணறும், வாய்க்காலும் உள்ள இடம் அது. அன்று முதல் பிள்ளைகள் என்னைத் ‘தோப்பு டீச்சர்’ என்று அழைக்கலாயினர்.

திறந்தவெளி என்பதால் வேலை எளிது என்று எண்ணிவிடாதீர்கள். பிள்ளைகள் வருமுன்பே நான் அங்கே சென்றுவிடுவேன். நீண்ட கோலால் சருகுகளைத் தட்டிப் பாம்பும் தேளும் இல்லை என்பதை உறுதி செய்வேன். முள்ளையும் கண்ணாடித் துண்டுகளையும் அகற்றுவேன். கிளைகளில் தேன்கூடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பேன். கயிறு கட்டும் கிளையில் முதலில் நானே தொங்கிப் பார்ப்பேன். கிணற்றின்மேல் வலை உண்டு. அதனருகே எந்தப் பிள்ளையும் தனியே செல்லலாகாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் உடனிருப்பார். சேலத்து வெயிலின் கடுமை நீங்கள் அறியாததன்று. ஆதலால், காலை ஆறரை மணிக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு முன்னரே முடித்துவிடுவோம்.

தோப்பில் நான் ‘பயிற்சி’ என்ற சொல்லையே சொல்வதில்லை. அங்கே செய்வன எல்லாம் உண்மையான வேலைகள். நட்ட செடிக்கு நீர் வேண்டும்; ஆகவே, குடத்தைத் தூக்க வேண்டும். வாய்க்கால் அடைத்துக்கொண்டால் மண்ணைக் கொத்த வேண்டும். சாக்கில் சருகு நிரப்பி, இழுத்துச் சென்று, எருக்குழியில் கொட்ட வேண்டும். சாக்கின் வாயைக் கட்ட முடிச்சுப் போட வேண்டும். ஈர மண், காய்ந்த மண், கூழாங்கல், சருகு எனப் பாதம் படும் இடமெல்லாம் புதிய பாடம். அறையின் தரை எங்கும் ஒரே தன்மையுடையது. தோப்பின் தரையோ அடிக்கு அடி மாறுவது. அங்கே தானே தன்னைத் தாங்கிக்கொள்ளக் கால் கற்றுக்கொள்கிறது.

இங்கே என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். தோப்பிற்கு வந்த மூன்றாம் வாரத்தில் அச்சிறுவன் நன்கு தேறி வருவதாக நான் கருதினேன். அவன் தாயும் அன்று வந்திருந்தார். அவர் கண்முன் மகனின் வளர்ச்சியைக் காட்ட வேண்டும் என்ற ஆசை எனக்கு எழுந்தது. ஆலமரத்துக் கயிற்றூஞ்சலில் அவனைத் தூக்கி அமர்த்தி, வீசி ஆட்டினேன். அவன், “வேண்டாம்” என்று மெல்லச் சொன்னான். அதனை நான் செவிமடுக்கவில்லை. ஊஞ்சல் இரண்டாம் முறை உயர்ந்தபோது அவன் அலறிய அலறல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. இறக்கிவிட்டவுடன் தாயின் சேலையைப் பற்றிக்கொண்டு நடுங்கினான். அடுத்த இரு வாரங்கள் அவன் தோப்பிற்கு வரவில்லை.

பிறருக்கு இன்பமான அசைவு, அவனுக்குப் பாதாளத்தில் விழுவது போன்ற அச்சத்தைத் தந்திருக்கிறது. அவனுடைய உட்செவியும் மூளையும் அவ்வாறு உணர்ந்தன. அது கோழைத்தனம் அன்று. அதனை அறிந்திருக்க வேண்டியவள் நானே. அவன் தேறியதைக் காட்டும் ஆசையில், அவனையே காணத் தவறிவிட்டேன். செவ்வாய்ப்பேட்டைக்குச் சென்று அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். “இனி நீ சொன்னால்தான் ஊஞ்சல் ஆடும்” என்றேன். அவன் சற்று நேரம் எண்ணிப் பார்த்து, “கால் தரையில் படுமாறு கட்டுவீர்களா?” என்று கேட்டான். அவ்வாறே கட்டினேன். முதலில் அவன் அமர்ந்து காலால் உந்தி ஒரு சாண் அசைந்தான். பிறகு ஒரு முழம். இரண்டு மாதம் கழித்துத் தானே கயிற்றை உயர்த்தச் சொன்னான். எவ்வளவு, எப்போது என்பதைக் குழந்தையே முடிவு செய்ய வேண்டும் என்ற பாடத்தை அவன்தான் எனக்குக் கற்பித்தான்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் நிகழ்ந்ததை நான் மறக்க முடியாது. சிறுவன் தன் வழக்கப்படி சட்டைப் பையில் ஏதேதோ சேர்த்து வைத்திருந்தான். பொன்வண்டின் பச்சை நிறச் சிறகு ஒன்றும் அதில் இருந்தது. சருகுமூட்டையை இழுத்துக்கொண்டு ஓடியபோது சிறகு பையிலிருந்து விழுந்துவிட்டது. திரும்பி வந்து தேடி எடுத்தான். மீண்டும் ஓடினான்; மீண்டும் விழுந்தது. அவன் நின்றான். தன் பையைக் குனிந்து பார்த்தான். அப்பைக்கு மூடியும் அம்மூடிக்குப் பொத்தானும் இருந்தன.

நான் உதவ ஓரடி எடுத்து வைத்தேன், பின், நின்றுவிட்டேன். அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு முயன்றான். பொத்தான் நழுவியது. மறுபடி முயன்றான். இடக்கை துணியைப் பிடிக்க, வலக்கை பொத்தானைத் துளைக்குள் தள்ளியது. ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, பொத்தான் உள்ளே நுழைந்தது. அவன் யாரையும் பார்க்கவில்லை, பாராட்டை எதிர்பார்க்கவுமில்லை. சிறகு பத்திரமாக இருக்கிறதா என்று பையைத் தட்டிப் பார்த்துவிட்டு மூட்டையை இழுத்துக்கொண்டு ஓடினான். பொத்தான் பலகையில் அவனுக்குக் காரணம் இல்லை. இங்கே காரணம் இருந்தது. காக்க வேண்டிய பொருள் ஒன்று கையில் இருந்தால், காக்கும் திறனையும் கை தேடிக்கொள்ளும் போலும்!

அன்று அவன் தந்தையும் தோப்பின் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை, “மண்ணில் விளையாடினால் கை வருமா?” என்று ஐயுற்றவர் அவர். அவர் என்னிடம் வந்து, “டீச்சர், எங்கள் பட்டறையிலும் புதிதாக வரும் ஆளுக்கு எடுத்த எடுப்பில் வெள்ளியைக் கொடுக்க மாட்டோம். முதலில் பித்தளைக் கம்பியை வளைத்துப் பழகட்டும் என்று விடுவோம். என் பிள்ளைக்கு மட்டும் முதல் நாளே வெள்ளியைக் கொடுத்து, உருகிவிட்டதே என்று திட்டியிருக்கிறேன்” என்றார். அவர் குரல் தழுதழுத்தது. கைவினைஞர் ஒருவருக்கு என் தொழிலை விளக்க வேண்டிய தேவையே இல்லை என்பதை அன்று உணர்ந்தேன்.

தோப்பிற்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே தன்மையர் அல்லர். மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத சிறுமி ஒருத்தி சக்கர நாற்காலியில் வருவாள். அவள் வருவதற்காகவே மண்பாதையைச் சமன் செய்தோம். நாற்காலியின் உயரத்திற்குச் செங்கல்லால் மேடை கட்டி, அதில் மண் நிரப்பினோம். ஒரு கையால் விதை தூவினாள். இறுகிய மறுகை சிறு குடுவையை அணைத்துப் பிடித்துத் துணை செய்தது. ஒரு மாதத்தில் சிறுகீரை தழைத்தது. அதனைப் பறித்து மடியில் வைத்துக்கொண்டு வீடு சென்றாள். “இன்று எங்கள் வீட்டில் எல்லாரும் உண்டது நான் விளைத்த கீரை” என்று மறுவாரம் சொன்னாள். எந்நாளும் பிறர் கொடுக்க வாங்கியவள், அன்று கொடுத்தவள் ஆனாள். அவள் கால்கள் நடக்கவில்லை. நடக்கும் என்று நான் அவளுக்கு உறுதி கூறியதுமில்லை. மரமும் மண்ணும் எல்லாக் குறையையும் தீர்க்கும் என்று சொல்வது பொய்யாகும். உள்ள திறனைக் கொண்டு வாழ்வில் பங்கு கொள்ளச் செய்வதே என் தொழிலின் எல்லை. அது சிறிய எல்லை அன்று.

திறந்தவெளியே குழந்தைக்கு நல்லாசான் என்னும் கருத்து புதியதன்று. இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார், அறிவு வளர்ச்சி குன்றியோர் எனத் தள்ளப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பித்தே தம் கல்விமுறையின் அடிப்படையைக் கண்டார். 1939-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்த அவர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 முதல் 1944 வரை, கோடைக்கானலில் தங்கினார். அங்கே செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் பாடப் பொருளாக்கிக் குழந்தைகளுக்குக் கற்பித்தார். தமிழ்நாட்டு மலையொன்று அவருக்கு வகுப்பறையாக விளங்கியது என்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

ஆனால், இன்று நகரங்களில் அத்தகைய வெளி சுருங்கி வருகிறது. ஃபேர்லேண்ட்ஸ் தெருக்களில் ஒரு வேப்பமரம் வெட்டப்படும்போதெல்லாம் என் பயிற்சிக் கூடத்தின் சுவர் ஒன்று இடிந்ததாகவே நான் எண்ணுவேன். எனினும், நம்பிக்கை தரும் காட்சியும் உண்டு. கன்னங்குறிச்சி மூக்கனேரி குப்பையாலும் சேற்றாலும் சீர்கெட்டிருந்தது. 2010-ஆம் ஆண்டில் நகர மக்கள் கூடி அதனைத் தூர்வாரும் பணியில் இறங்கினர். அள்ளிய மண்ணைக் கொண்டே ஏரிக்குள் சிறுசிறு தீவுகள் அமைத்து மரக்கன்றுகளை நட்டனர். இன்று அத்தீவுகளில் பறவைகள் அடைகின்றன. எங்கள் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்று, வந்தமரும் கொக்குகளை எண்ணச் சொல்வேன். ஓரிடத்தில் நிலைத்து நிற்கவும், கண்ணை ஒன்றில் ஊன்றவும் அதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

அரசும் இத்துறையில் சில வழிகளைத் திறந்துள்ளது. 2013-ஆம் ஆண்டு முதல், அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதித்து, வளர்ச்சியில் தாமதம் கண்டால் மாவட்ட மையங்களுக்கு அனுப்பும் திட்டம் நடைபெறுகிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருபத்தொரு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டுள்ளது. சட்டம் கதவைத் திறக்கும். உள்ளே அழைத்து அமரச் செய்வது மனிதர் கடமை.

அச்சிறுவன் இப்போது உயர்நிலை வகுப்பில் பயில்கிறான். அவன் கையெழுத்து இன்றும் அழகியதன்று. பிறரைவிட மெதுவாகவே எழுதுகிறான். ஆனால், அவனே உடுத்துகிறான். அவனே மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்கிறான். சென்ற ஆண்டு அவன் தாய் என்னிடம் ஒரு செய்தி சொன்னார். பள்ளியில் கபடி ஆடக் கட்சி பிரித்தார்களாம். வழக்கம்போல் அவன் ஓரத்தில் நின்றானாம். அப்போது அவன் வகுப்புத் தோழன் ஒருவன், “இவன் எங்கள் கட்சி, ஒப்புக்கு அன்று, உண்மையாகவே” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டானாம். அன்று அவன் கட்சி தோற்றுவிட்டது. அவனோ முழங்கால் சிராய்ப்போடும் நிறைந்த முகத்தோடும் வீடு திரும்பினான்.

பல ஆண்டுகள் நானும் தோப்பும் சேர்ந்து செய்த வேலையை அத்தோழன் ஒரு சொல்லால் நிறைவு செய்தான். கைக்குப் பழக்கம் தருவது என்னால் இயலும். கட்சியில் இடம் தருவது என்னால் இயலாது. அது உங்கள் கையில் இருக்கிறது. மாணவர்களே! உங்கள் வகுப்பிலும் பந்தைத் தவறவிடும் ஒருவன் இருப்பான். எழுதி முடிக்க இயலாத ஒருத்தி இருப்பாள். நாளை மாலை கட்சி பிரிக்கும்போது ஓரத்தில் நிற்பவரைத் திரும்பிப் பாருங்கள். ‘சேர்த்தல்’ என்பதும் ஒரு தொழிற்பெயரே.